மாநகராட்சிப் பள்ளி விளையாட்டு அணிகள்: பந்து வாங்கப் பணம் வருகிறது, பஸ்ஸுக்கு வருவதில்லை. என்ன செய்யலாம்?

எஸ்எம்சி_வடசென்னை கேட்கிறார்:

வணக்கம். வடசென்னையில் ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி நான். 6 முதல் 12 வரை சுமார் 700 பிள்ளைகள். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்தான். இஎம்ஐஎஸ் (கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு) பதிவு, இலவசப் பொருள் வழங்குவது, காலை பிரேயர், கேட் டியூட்டி எல்லாம் அவர் தலையில். 10, 12ஆம் வகுப்புகளுக்கு பி.டி. பீரியட் கால அட்டவணையில் மட்டும் இருக்கிறது.

மைதானம் 32 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம். நீளவாக்கில் ஒரு பக்கம் வகுப்பறைக் கட்டிடம், மற்ற மூன்று பக்கமும் காம்பவுண்டு சுவர். கட்டிட வேலையின்போது கொட்டிய ஜல்லி இன்னும் மண்ணோடு கலந்து கிடக்கிறது. போன வருடம் குறுவட்டப் போட்டிக்கு (அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டி) நாலு அணிக்குப் பெயர் கொடுத்து, இரண்டு அணி போகவே இல்லை. ஒன்றுக்குப் பஸ் காசு புரளவில்லை. மாணவிகள் அணிக்குத் துணையாகப் போக ஆசிரியை கிடைக்கவில்லை.

சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டு மானியம் 25,000 ரூபாய் வருகிறது. இந்த இடத்தில் எந்த விளையாட்டுகளை எடுத்தால் நிலைக்கும்? பணத்தை எதற்குச் செலவிடுவது? ஜூலையில் குறுவட்டம் தொடங்குவதற்குள் என்னென்ன முடித்திருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் அளவோடு சொன்னால் அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டுவிடலாம்.

விசில்_சத்தம் பதில்:

மேடம், இடத்தை வைத்துத்தான் விளையாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கால்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் மூன்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 32 × 24-ல் கோ-கோ, கபடி இரண்டும் முழு அளவில் அடங்கும். வாலிபால் ஆடுகளம் 18 × 9, சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24 × 15, அதுவும் அடங்கும். ஆனால் பந்து சுவர் தாண்டி ரோட்டில் விழும்; சுவர் மேல் தடுப்பு வலை கட்டாமல் வாலிபாலைத் தொடங்காதீர்கள். எறிபந்துக்கும் இதே சிக்கல்.

கோ-கோ ஆடுகளம் 27 × 16. கட்டிடத்திலிருந்து 2 மீட்டர் தள்ளிப் போட்டால் எதிர்ச் சுவர் பக்கம் 6 மீட்டர் பட்டை மிஞ்சும். அதை நீளம் தாண்டலுக்கு வைத்துக்கொள்ளலாம். கம்பங்கள் 24 மீட்டர் இடைவெளியில், தரைக்கு மேல் 120 முதல் 125 சென்டிமீட்டர். சவுக்குக் கம்பு போதும், ஆனால் உப்புக் காகிதத்தால் நன்றாகத் தேய்க்க வேண்டும். கம்பத்தைப் பிடித்துத் திரும்பும் கையில் சிலாம்பு ஏறுவது அடிக்கடி நடக்கும். கம்பத்தை நேராக மண்ணில் நடாமல், 60 சென்டிமீட்டர் பிவிசி குழாயைப் புதைத்து அதற்குள் செருகுங்கள். பிரேயர் நேரத்தில் கழற்றிவிட்டுக் குழாய்க்கு மூடி போட்டுவிடலாம். இரும்புக் குழாயைக் கம்பமாக வைக்கவே கூடாது.

மாணவிகள் கபடிக் களம் 12 × 8. நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (பாடிப் போகிறவர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) 3 மீட்டர், அதற்கு அடுத்த 1 மீட்டரில் போனஸ் லைன் (கூடுதல் புள்ளிக்கான கோடு), அந்த 8 மீட்டர் அகலத்துக்குள்ளேயே இரு பக்கமும் 1 மீட்டர் லாபி (ஓரப் பட்டை). மாணவர்களுக்கு 13 × 10, பாக் லைன் 3.75 மீட்டர். இவை பெரியவர்கள் அளவு. கீழ்வயதுப் பிரிவுகளுக்குக் களம் சிறிதாகும். அந்த ஆண்டுப் போட்டிச் சுற்றறிக்கையில் என்ன போட்டிருக்கிறதோ அதையே பயிற்சிக்கும் போடுங்கள். கோ-கோ களத்துக்குள்ளேயே கபடிக் களமும் அடங்கிவிடும் என்பதால் திங்கள், புதன், வெள்ளி கபடி, செவ்வாய், வியாழன் கோ-கோ என்று பிரித்துக்கொள்ளலாம்.

கோடு போடும்போது செய்யும் பெரிய தவறு, ஒரு பக்கத்தை அளந்துவிட்டு மற்றதைக் கண்ணால் நிதானிப்பது. களம் கோணலாகப் போய்விடும். மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள்: 12 × 8-க்கு 14.42 மீட்டர், 13 × 10-க்கு 16.40, கோ-கோவுக்கு 31.38, வாலிபாலுக்கு 20.12. இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால் களம் சரி. மூலைகளில் நீள ஆணியில் நைலான் கயிற்றுக் குஞ்சம் கட்டி, ஆணித் தலை மண்ணுக்குக் கீழே போகும்படி அடித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் டேப் பிடிக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்பு வேண்டாம். கபடியில் முகம் மண்ணில் படும். சுண்ணாம்பு கண்ணை அரித்துவிடும். கல் கோலமாவு வாங்குங்கள். ஒரு கபடிக் களத்தின் கோடு மொத்தம் நூறு மீட்டரைச் சுற்றி வரும். ஒரு சிமெண்ட் பை அளவு மாவு பல வாரங்களுக்குக் காணும்.

முதல் வேலை ஜல்லியை எடுப்பது. கபடிக்கு 14 × 10 மீட்டர் பரப்பில் மேல் 10 சென்டிமீட்டர் மண்ணைத் தோண்டிச் சலிக்க வேண்டும். அது 14 கனமீட்டர், ஏறக்குறைய 5 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). சலித்த செம்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மணல் கலந்து பரப்பி, முதல் நாள் மாலையே தண்ணீர் தெளித்து வையுங்கள். மணல் கலக்காத செம்மண் வெயிலில் இறுகிச் சிமெண்ட் தரை மாதிரி ஆகிவிடும். பிடித்து இழுக்கும்போது முழங்காலும் முழங்கையும் தேய்ந்து, இரண்டாம் வாரமே பிள்ளைகள் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

கணக்கு_நோட்டு பதில்:

விசில் சொன்ன மண் வேலையை மானியத்தில் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். சமக்ர சிக்ஷா விளையாட்டு மானியம் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை மற்றும் மேல்நிலைக்கு 25,000. அது விளையாட்டுப் பொருள் வாங்க. மண், சுவர் வலை, குடிநீர்க் குழாய், உடை மாற்றும் அறை எல்லாம் கட்டுமானச் செலவு. குழுத் தீர்மான நகலோடு வார்டு கவுன்சிலரிடமும் மண்டல உதவிப் பொறியாளரிடமும் மனுக் கொடுங்கள். வார்டு மேம்பாட்டு நிதியில் செய்யக்கூடிய வேலைதான். மைதானத்தில் வேலை நடந்தால் ஜல்லி, கம்பித் துண்டு அகற்றுவது ஒப்பந்ததாரர் பொறுப்பு என்று வேலை தொடங்கும்போதே எழுதி வாங்குங்கள். முடிந்த பிறகு கேட்டால் யாரும் வரமாட்டார்கள்.

இந்த நகரத்துப் பள்ளிகளின் உண்மையான ஓட்டை நடைமுறைச் செலவில்தான் இருக்கிறது. பொருளுக்கு மானியம், கட்டிடத்துக்கு நிதி. ஆனால் போட்டி நாளின் பஸ்ஸும் சாப்பாடும் எந்தத் தலைப்பிலும் வருவதில்லை. பெரும்பாலும் அது உடற்கல்வி ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து போகிறது. அவர் சம்பளம் அதற்கில்லை. இந்தச் செலவைக் குழு மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உத்தேசமாக ஒரு கணக்கு. 12 பேர் அணி, கூட இரண்டு பெரியவர்கள். ஆளுக்குப் போகவர 40 ரூபாய், டிபன், சாப்பாடு, தண்ணீருக்கு 80 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 1,700 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. குறுவட்டத்தில் இரண்டு நாள், ஜெயித்தால் வருவாய் மாவட்ட அளவில் இரண்டு நாள். ஓர் அணிக்கு 7,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். நாலு அணிக்குப் பெயர் கொடுத்துவிட்டு இரண்டை அனுப்பாமல் விடுவதைவிட, பணம் உள்ள இரண்டு அணிக்கு மட்டும் பெயர் கொடுங்கள். வராத அணி என்று பெயரைக் கூப்பிட்டுப் பட்டியலிலிருந்து அடித்துவிடும்போது பிள்ளைகள் மனது விட்டுப்போகிறது, அடுத்த வருடம் அவர்களைக் கூட்டுவது கஷ்டம்.

மாணவிகள் அணிக்குப் பஸ் செலவே இல்லாமல் செய்யலாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அரை மணி முன்னால் கிளம்பினால் போதும். டீலக்ஸ் வண்டியில் மட்டும் ஏறிவிடக் கூடாது. மாணவர்களின் பஸ் பாஸ் வீட்டிலிருந்து பள்ளிக்குத்தான். ஜெர்சியோடு வேறு வழித்தடத்தில் ஏறினால் நடத்துநர் டிக்கெட் கேட்பார், அது அவர் தப்பில்லை. அந்தக் காசைத்தான் குழு ஏற்பாடு செய்ய வேண்டும்.

துணை ஆசிரியை விஷயம்: போட்டித் தேதி வந்த பிறகு தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள், வகுப்பு இருக்கும். ஜூன் மாதமே இரண்டு ஆசிரியைகள் பெயரைத் தலைமை ஆசிரியர் எழுத்தில் போட்டு, போட்டி நாட்களுக்கு ஆன் டியூட்டி உண்டு என்று உறுதி செய்யட்டும். ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர். ஆசிரியை இல்லாமல் மாணவிகளை அனுப்பவே கூடாது.

ஓடுகளம் பதில்:

எல்லோரும் தடகளத்தை விட்டுவிட்டீர்கள். குறுவட்டத்தில் தொடங்கும் பள்ளிகளுக்கான குடியரசு தினப் போட்டிகளில் தடகளத்துக்குத்தான் அதிகப் பிரிவுகள். ஒரே ஒரு பிள்ளை போனாலும் பள்ளிக்கு ஒரு பதக்கம். அணி சேர்க்க வேண்டாம், பஸ் செலவும் குறைவு.

அந்த 6 மீட்டர் பட்டையைப் பாருங்கள். 32 மீட்டர் நீளத்தில் சுவரிலிருந்து 1 மீட்டர் விட்டு 7 மீட்டருக்கு மணல் குழி, குழிக்கு 1 மீட்டர் முன்னால் தாண்டுபலகை, மீதி 23 மீட்டர் ஓடுபாதை. விதிப்படி ஓடுபாதை 40 மீட்டர் வேண்டும், பலகையிலிருந்து குழியின் கடைசி வரை 10 மீட்டர் வேண்டும். இங்கே அது இல்லை. ஆனால் 14 வயதுக்குட்பட்டோர் பயிற்சிக்கு 23 மீட்டர் ஓட்டம் போதும். குழி அகலம் 2.75 மீட்டர், ஆழம் 40 சென்டிமீட்டர். அடியில் ஒரு வரிசை உடைகல் போட்டால் தண்ணீர் வடியும். மணல் ஏறக்குறைய 2¾ யூனிட் பிடிக்கும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடாதீர்கள், கூர்முனை மணல், தூளும் கலந்திருக்கும், ஒரு மழை பெய்தால் இறுகிப்போகும். அதில் குதித்தால் கணுக்காலுக்கு ஆபத்து. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் குழியே வேண்டாம், ஓட்டத்தோடு நில்லுங்கள். குழி போட்டால் இரவில் தார்ப்பாய் மூடுங்கள், இல்லாவிட்டால் தெருப் பூனைகள் பாடு கொண்டாட்டம்தான். தாண்டுவதற்கு முன் மண்வெட்டியால் கிளறி, கண்ணாடி, கல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஓட்டத்துக்குப் பள்ளிக்குள் மூலைக்கு மூலை 40 மீட்டர் கிடைக்கும். அதில் 15 மீட்டர் வேகம் தணிந்து நிற்பதற்கு வேண்டும், ஆக வேக ஓட்டம் 25 மீட்டர். புறப்பாட்டுப் பயிற்சிக்கு அது போதும், 200, 400 மீட்டருக்குப் போதாது. சனிக்கிழமை காலை பக்கத்து மாநகராட்சி விளையாட்டுத் திடலைக் கேளுங்கள். அங்கே 200 மீட்டர் வட்டம் போட இடம் இருந்தால்: நேர்பகுதி இரண்டும் 50 மீட்டர், வளைவின் ஆரம் 15.71 மீட்டர். கோலமாவுக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓட்டத்தின் தூரத்தை அளப்பார்கள் என்பதால் இந்த ஆரம். லேன் 1.22 மீட்டர் என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஒவ்வொரு லேனும் 7.67 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். கண்மதிப்பில் 5 மீட்டர் தள்ளி நிறுத்திப் பயிற்சியில் நேரம் எடுத்தால் வெளி லேன் பிள்ளை வீணாக மெதுவானவன் ஆகிவிடுவான். அந்தக் கணக்கை வைத்து அணியிலிருந்து கழற்றியும் விடுவார்கள்.

குண்டு எறிதலுக்குக் குண்டு வாங்கும்போது வயதுக்கு ஏற்ற எடை பாருங்கள்: 14 வயதுக்குட்பட்ட மாணவிகளுக்கு 3 கிலோ, மாணவர்களுக்கு 4, 17 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 5. பல பள்ளிகளில் பெரியவர்களின் 7.26 கிலோ குண்டு ஒன்று மட்டும் அலமாரியில் கிடக்கும், அதை எந்தப் பிள்ளையும் போட்டியில் எறியப்போவதில்லை.

எஸ்எம்சி_வடசென்னை:

மிக்க நன்றி. மூன்று சந்தேகம். மாலைப் பயிற்சியில் பிள்ளைகள் மயங்குகிறார்கள், குறிப்பாக பிளஸ் ஒன் மாணவிகள். நன்றாக ஆடும் பையனை ஒரு தனியார் பள்ளி இலவச சீட் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. அக்டோபர் வந்தால் மைதானம் குளம். இவற்றுக்கு வழி?

சுண்டல்_கிண்ணம் பதில்:

மயக்கத்துக்குக் காரணம் தெளிவு. காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்போடு முடிகிறது, சத்துணவு 10ஆம் வகுப்போடு முடிகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைக்குப் பள்ளியில் சாப்பாடே கிடையாது. காலையில் டீயோடு வந்து, மதியம் ஏதோ கொறித்துவிட்டு, 4.15-க்குக் கபடியில் இறங்கினால் உடம்பு எப்படித் தாங்கும்? 19 வயதுக்குட்பட்ட அணிதான் பள்ளியின் பெரிய அணி, அந்த அணிதான் பசியோடு ஆடுகிறது.

15 பேருக்கு 600 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை, முந்தைய இரவு ஊறவைத்து, உப்புப் போட்டு வேகவைத்தால் ஆளுக்கு ஒரு கிண்ணம். கூட ஒரு வாழைப்பழம். பயிற்சிக்கு முன் பழமும் தண்ணீரும், முடிந்த பிறகு சுண்டல். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். குழுவில் உள்ள அம்மாக்கள் வாரத்துக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொண்டால் நடக்கும். ஜூன், ஜூலை வெயிலில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை பயிற்சியை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள்.

மாணவிகளுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வயிறு புரட்டுகிறது என்று பலர் விழுங்குவதில்லை. சாப்பிட்ட பிறகு தண்ணீரோடு போட வேண்டும்; டீ, காபியோடு போட்டால் உடம்பில் சேராது.

விசில்_சத்தம்:

பையனைக் கூட்டிக்கொண்டு போவதைத் தடுக்க நினைக்காதீர்கள், மேடம். மாற்றுச் சான்றிதழை இழுத்தடிப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல். அவனுக்குச் சாப்பாடு, ஷூ, கோச் கிடைத்தால் போகட்டும். ஆனால் பெற்றோரிடம் இன்னொரு கதவையும் காட்டுங்கள்: விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் 7, 8, 9, 11ஆம் வகுப்புச் சேர்க்கைக்குத் தேர்வுப் போட்டி நடக்கும். தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. தனியார் பள்ளியில் காயம்பட்டு ஆட முடியாமல் போனால் இலவச சீட் நிலைக்குமா என்பதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நம் பக்கம் செய்ய வேண்டியது, 12 பேர் அணியில் குறைந்தது நாலு பேரை 8, 9ஆம் வகுப்பிலிருந்து எடுப்பது. ஒருவன் போனால் அணியே கலைவது, எல்லோரையும் பிளஸ் டூவிலிருந்து எடுப்பதால்தான்.

மழைக்காலத்துக்குக் கேரமும் சதுரங்கமும். வராந்தா போதும். வடசென்னைக் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிவந்தார், அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இரண்டு நல்ல போர்டு வாங்குங்கள். மெல்லிய பிளைவுட் போர்டு ஈரக்காற்றில் வளைந்துவிடும், பிறகு காய் ஒரு மூலைக்கே ஓடும். நிற்கவைக்காமல் படுக்கவைத்து, உறை போட்டு வையுங்கள். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் கூடாது.

கபடிக்கு இன்னொன்று. சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியதிலிருந்து மாணவிகள் ஆசையோடு வருகிறார்கள். ஆனால் மேல் சுற்றுகள் மேட் (மெத்தென்ற செயற்கை விரிப்பு) மீது நடக்கும். மண்ணில் வெறுங்காலோடு ஆடிய பிள்ளை மேட் மீது கால் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகிக்கொள்ளும், தோலும் உரியும். போட்டிக்கு முன் இரண்டு மூன்று தடவையாவது மேட் உள்ள இடத்தில், கபடி ஷூவும் முட்டிக்காப்பும் போட்டு ஆடவிடுங்கள்.

கணக்கு_நோட்டு:

25,000-ஐ எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். 50 மீட்டர் டேப் ஒன்று, ஸ்டாப்வாட்ச் இரண்டு, முட்டிக்காப்பு 12 ஜோடி, கேரம் போர்டு இரண்டு, சதுரங்கப் பலகை நாலு, குண்டு மூன்று எடைகளில் ஒவ்வொன்று, ரிலே பேட்டன் நாலு, ஸ்கிப்பிங் கயிறு 20. மிச்சத்தில் அணிக்கு எண் போட்ட ஜெர்சி எடுக்கலாமா என்று அந்த ஆண்டு வழிகாட்டுதலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லா விளையாட்டுக்குமாகச் சேர்த்துக் கடைக்காரர் கட்டிக்கொடுக்கும் மூட்டையை வாங்காதீர்கள். ஆடாத கிரிக்கெட் மட்டையும் டென்னிஸ் ராக்கெட்டும் அதில்தான் வந்து சேரும். பணம் பெரும்பாலும் நிதியாண்டின் பிற்பகுதியில் வரும், போட்டி ஜூலையில். ஆகவே மார்ச்சில் வாங்குவது அடுத்த ஜூலைக்கு என்று நினைத்து வாங்குங்கள். ரப்பர் பொருளைக் கோடை முழுக்கத் தகரக் கூரை அறையில் பூட்டி வைத்தால் வெடித்துவிடும்.

ஜூனிலேயே காகித வேலையை முடியுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், இஎம்ஐஎஸ் மூன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் எதிரணி புகார் கொடுத்தால் ஜெயித்த ஆட்டம் போய்விடும். தகுதிப் படிவத்தில் புகைப்படம் ஒட்டி, பாதி படத்திலும் பாதி தாளிலும் விழும்படி பள்ளி முத்திரை, மூன்று நகல். எடை வரம்பு உள்ள பிரிவு என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே எடை பார்த்துவிடுங்கள். முதல் நாள் பட்டினி போட்டு எடை குறைப்பதை யாரும் அனுமதிக்க வேண்டாம்.

சான்றிதழ்களையும் குழு கவனிக்கட்டும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீதம். குறுவட்டச் சான்றிதழ் அதற்கு உதவாது, மாநில, தேசிய அளவில் ஆடியதுதான் மதிப்பெண் பெறும். பெயர் எழுத்துப்பிழை இருந்தால் மைதானத்திலேயே திருத்தி வாங்குங்கள். அசலைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டு, நகலைப் பள்ளி ஒரு கோப்பில் வைக்கட்டும். வாடகை வீடு மாறும்போதும் வெள்ளத்திலும் அசல் தொலைந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய.

ஓடுகளம்:

திடலைப் பற்றி ஒரு வரி. 2025-ல் மாநகராட்சி தன் கால்பந்துச் செயற்கைப் புல் திடல்களைத் தனியாரிடம் கட்டணத்துக்கு விடத் தீர்மானம் போட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. அதனால் பக்கத்துத் திடலில் சனிக்கிழமை 6.30 முதல் 8.30 வரை உங்கள் பள்ளிக்கு என்று மண்டல அலுவலரிடம் எழுத்தில் வாங்கி, கடிதத்தின் நகலைத் திடல் காவலரிடமும் கொடுத்து வையுங்கள். வாய்மொழி அனுமதி ஆள் மாறினால் போய்விடும். கடிதத்தில் கழிப்பறைச் சாவியையும் சேர்த்துக் கேளுங்கள், மாணவிகள் வருவதும் வராததும் பாதி அதில்தான் இருக்கிறது.